தேர்வுக்காலமும் நூலகமும்

நுழையும்முன்

பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவருக்குப் புதியனவாக அமைபவை பல. வகுப்பறை புதிது, விடுதி புதிது, ஆண்டுக்கு இருமுறை வரும் பருவத்தேர்வும் புதிது. அத்தேர்வு நாள்களில் எழும் மன அழுத்தம், நன்கு படித்தவரையும் தடுமாறச் செய்வதுண்டு. அதனைத் தணிக்கக் கல்லூரி வளாகத்திற்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. அதுதான் நூலகம். நூல் வழங்குவதோடு நின்றுவிடாமல், மாணவரின் மனச்சுமையைக் குறைக்கவும் நூலகத்தால் இயலும். அஃது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தேர்வுக்கு முந்தைய வாரம்

தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் நவம்பர், ஏப்ரல் மாதங்கள் பருவத்தேர்வுக்கு உரியவை. அகமதிப்பீட்டுத் தேர்வு, ஒப்படைப்பு, செய்முறைத்தேர்வு ஆகியவை முடிந்த கையோடு பருவத்தேர்வு வந்து நிற்கும். ஒரு தாளில் தேர்ச்சி பெறாவிடில் அத்தாள் நிலுவையாகி, அடுத்த பருவத்தின் சுமையோடு சேர்ந்துகொள்ளும். மாணவர் வழக்கில் இதற்கு 'அரியர்' என்று பெயர். அரியர் சேரச்சேர, படிப்பை உரிய ஆண்டில் முடிக்க முடியுமா, வேலைக்கான நேர்காணலுக்குச் செல்ல முடியுமா என்னும் கவலையும் சேர்கிறது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவருக்கு இக்கவலை இரு மடங்கு. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்திய பெற்றோரின் முகம், வினாத்தாளைப் பிரிக்கும்போது அவர் கண்முன் தோன்றும்.

பிற நாள்களில் பாதி காலியாகக் கிடக்கும் நூலகப் படிப்பறை, தேர்வு வாரத்தில் நிரம்பி வழிகிறது. மின்விசிறியின் கீழுள்ள இருக்கைக்கும் சாளரத்தை ஒட்டிய மேசைக்கும் போட்டி எழுகிறது. அங்கு வருவோரில் பலர் நூலகத்தின் நூலைத் தொடுவதுகூட இல்லை; தம் குறிப்பேட்டையே கொண்டுவந்து படிக்கின்றனர். விடுதி அறையிலும் வீட்டிலும் கிடைக்காத ஏதோ ஒன்றைத் தேடியே அவர்கள் வருகின்றனர். அந்த ஒன்று எது என்பதை அறிந்த நூலகமே தேர்வுக்காலத்தில் மாணவருக்கு உதவும் நூலகம்.

அழுத்தம் என்பது யாது?

மன அழுத்தம் என்னும் சொல்லைக் கேட்டவுடன், அதை முற்றிலும் தீயதாகக் கருதுவது இயல்பு. உண்மையில், அது உடலின் தற்காப்பு ஏற்பாடு. இடர் நேரும் என்று மூளை உணர்ந்ததும் சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் தூண்டப்படுகின்றன. அவற்றிலிருந்து அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய இயக்குநீர்கள் குருதியில் கலக்கின்றன. இதயத்துடிப்பு விரைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு பிசைகிறது. காட்டில் புலியைக் கண்ட மனிதன் ஓடித் தப்பவோ எதிர்த்து நிற்கவோ இந்த ஏற்பாடு உதவியது. தேர்வறையில் ஓடவும் இயலாது. எதிர்த்துப் போரிடவும் ஒருவருமில்லை. எனினும், உடல் இரண்டையும் ஒன்றுபோலவே கருதி எதிர்வினை புரிகிறது.

அமெரிக்க உளவியலாளர்களான இராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் ஆகிய இருவரும் எலிகளைக்கொண்டு செய்த ஓர் ஆய்வை 1908 ஆம் ஆண்டு வெளியிட்டனர். எளிய பணியைக் கற்கும்போது தூண்டுதல் வலுவாக இருந்தால் கற்றல் விரைவாக நடந்தது. கடினமான பணியிலோ, மிதமான தூண்டுதலே நற்பயன் தந்தது. தூண்டுதல் அளவு மீறியபோது கற்றல் தளர்ந்தது. இவ்வாய்விலிருந்து பிற்காலத்தார் வளர்த்தெடுத்த கருத்து ஒன்று உண்டு. சிறிதளவு பரபரப்பு மனத்தைக் கூர்மையாக்கும்; அது மிகுந்தால் கூர்மை மழுங்கும் என்பதே அக்கருத்து. வீணையின் நரம்பு தளர்ந்தாலும் இசை பிறக்காது; அளவுக்கு மேல் முறுக்கினாலும் அறுந்துவிடும்.

அளவு மீறிய அழுத்தத்தால் நேரும் தீங்கு, நினைவாற்றலில் வெளிப்படுகிறது. கார்ட்டிசால் மிகுந்திருக்கும்போது, ஏற்கெனவே படித்து மனத்தில் பதிந்தவற்றை மீட்டெடுப்பது கடினமாகிறது. வினாவைப் படித்தவுடன் தெரிந்த விடையே மறந்துபோவதும், தேர்வறையைவிட்டு வெளியே வந்தபின் அவ்விடை முழுமையாக நினைவுக்கு வருவதும் இதனால்தான். படிக்கவில்லை என்று அம்மாணவரைக் குறை கூறுதல் பொருந்தாது. படித்தது உள்ளே இருக்கிறது. அதை எடுக்கும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

எனவே, தேர்வுக்கால அழுத்தத்தைத் தணித்தல் என்பது இரு பணிகளை உள்ளடக்கியது. பொங்கி நிற்கும் பரபரப்பை அப்போதைக்கு அடக்குதல் ஒன்று. அப்பரபரப்பு எழுவதற்கான காரணங்களைக் களைதல் மற்றொன்று. முன்னது கொதிக்கும் உலையில் தண்ணீர் தெளிப்பதைப் போன்றது. பின்னது அடுப்பிலுள்ள விறகை இழுப்பதைப் போன்றது. நல்ல நூலகம் இவ்விரண்டையும் செய்யும். இரண்டாவதை மேலும் கருத்தாகச் செய்யும்.

இடமும் நேரமும்

அழுத்தத்தின் காரணங்களுள் முதன்மையானது, படிப்பதற்கு இடமின்மை. ஒரே அறையும் சமையலிடமும் கொண்ட வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்; தம்பி தங்கையர் விளையாடிக்கொண்டிருப்பர்; பாட்டி உறங்க வேண்டுமென விளக்கை அணைப்பர். விடுதியிலும் ஓர் அறையில் நால்வர், ஐவர் தங்கியிருப்பர். ஒருவர் படிக்கும் வேளையில் மற்றொருவர் பேசிக்கொண்டிருப்பார். தனியறையும் மேசையும் உடைய மாணவருக்கு நூலகம் கூடுதல் வசதி. அவை இல்லாதவருக்கோ அதுவே ஒரே வசதி. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், நூலகம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படுவதால் யார் பாதிக்கப்படுகின்றனர் என்பது விளங்கும். வகுப்பு முடிந்து வரும் மாணவருக்கு மூடிய கதவே எதிர்ப்படும்.

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் இவ்வுண்மையை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை விளக்கும் அவரது நூல் 1931 ஆம் ஆண்டு சென்னையில் வெளியாயிற்று. நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது முதல் விதியின் சாரம். இவ்விதியை விளக்கும்போது அவர், நூல்களைப் பற்றி மட்டும் பேசவில்லை. நூலகம் அமைந்துள்ள இடம், அது திறந்திருக்கும் நேரம், அதிலுள்ள மேசை நாற்காலிகள், அங்குப் பணிபுரிவோர் ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டார். தொலைவில் இருப்பதும், வேண்டிய நேரத்தில் பூட்டியிருப்பதும், அமர இயலாத இருக்கைகளை உடையதுமாகிய நூலகத்தில் எத்துணை நூல்கள் இருந்தாலும் பயனில்லை என்பதே அதன் கருத்து. வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நான்காம் விதி. தேர்வுக்காலத்தில் இவ்விதியின் பொருளை மாணவர் ஒவ்வொருவரும் உணர்வர்.

இவ்விதிகளைப் பின்பற்றும் கல்லூரி நூலகம், தேர்வுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே ஆயத்தமாகிவிடும். மாலை நேரத்தை நீட்டித்து, விடுமுறை நாள்களிலும் படிப்பறையைத் திறந்துவைக்கும். மிகுதியாகத் தேவைப்படும் பாடநூல்களின் படிகளை வீட்டிற்கு வழங்காமல், அனைவரும் அங்கேயே அமர்ந்து பயன்படுத்துமாறு தனி அடுக்கில் வைக்கும். ஓசையின்றிப் படிப்போருக்கு ஒரு பகுதி, கூடி உரையாடிப் படிப்போருக்கு மற்றொரு பகுதி எனப் பிரித்தமைக்கும். குடிநீர், போதிய வெளிச்சம், தூய்மையான கழிப்பறை ஆகியவற்றை உறுதிசெய்யும். இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆனால், பெண்கள் கழிப்பறை பூட்டிக்கிடக்கும் நூலகத்தில் மாணவியரால் இரண்டு மணி நேரம்கூட அமர்ந்து படிக்க இயலாது.

தெரிந்து தெளிவோம்

சீ. இரா. அரங்கநாதன் 1892 ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த அவர், 1924 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். இலண்டனில் நூலகவியல் பயின்று திரும்பி, அப்பல்கலைக்கழக நூலகத்தைச் சீரமைத்தார். நூல்களைப் பொருள்வாரியாகப் பகுப்பதற்கு அவர் உருவாக்கிய கோலன் பகுப்புமுறை 1933 ஆம் ஆண்டு வெளியாயிற்று. 1957 ஆம் ஆண்டு பத்மசிறீ விருது பெற்றார். இந்திய நூலகத்துறையினர் ஆகஸ்டு 12 ஆம் நாளை அவர் நினைவாகத் தேசிய நூலகர் நாளெனக் கொண்டாடி வருகின்றனர்.

பத்து நிமிட இளைப்பாறல்

பொங்கும் பரபரப்பை அப்போதைக்கு அடக்குவதற்கு அமெரிக்கக் கல்லூரி நூலகங்கள் புதுமையான வழிகளை மேற்கொண்டன. யேல் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியின் நூலகம் 2011 ஆம் ஆண்டு, 'மான்டி' என்னும் பயிற்சி பெற்ற நாயை மாணவருக்கு 'இரவல்' வழங்கியது. நூலைப் பதிவு செய்து பெறுவதைப் போலவே, பெயரைப் பதிவு செய்துகொண்டு 30 நிமிடம் அந்நாயுடன் விளையாடலாம். இச்செய்தி அந்நாட்டில் பெரிதும் பேசப்பட்டது. தேர்வு வாரத்தில் நாய்களை வரவழைத்தல், வண்ணந்தீட்டும் தாள்களையும் படத்துண்டுப் புதிர்களையும் மேசைமீது வைத்தல், தேநீர் வழங்குதல் ஆகியவை இன்று அங்குள்ள நூலகங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டன.

இத்தகைய இளைப்பாறலால் பயனுண்டா என்பதை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களும் உளர். வாசிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 249 மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் பத்து நிமிடம் நாய்களையும் பூனைகளையும் தடவிக்கொடுத்து விளையாடினர். மற்றொரு குழுவினர் அவ்வாறு விளையாடுவோரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தனர். மூன்றாம் குழுவினருக்கு அவ்விலங்குகளின் படங்கள் மட்டும் காட்டப்பட்டன. நான்காம் குழுவினர் எதுவுமின்றிக் காத்திருந்தனர். பின்னர் அனைவரின் உமிழ்நீரும் எடுத்து ஆராயப்பட்டது. விலங்குகளைத் தொட்டு விளையாடியோரின் உமிழ்நீரில் கார்ட்டிசால் அளவு பிறரைவிடக் குறைந்து காணப்பட்டது. இவ்வாய்வு 2019 ஆம் ஆண்டு வெளியாயிற்று.

இதனைக் கொண்டு நம் கல்லூரி நூலகங்களுக்கும் நாய்களை அழைத்துவர வேண்டும் என்று கருத வேண்டியதில்லை. நாயைக் கண்டு அஞ்சுவோரும் உளர். விலங்கின் முடியால் ஒவ்வாமை உண்டாவோரும் உளர். அவ்வழக்கத்தின் உட்பொருளே கொள்ளத்தக்கது. இடைவிடாமல் மூன்று மணி நேரம் நூலை வெறித்துக்கொண்டிருப்பதைவிட, இடையில் பத்து நிமிடம் கைக்கும் கண்ணுக்கும் வேறு வேலை கொடுப்பது நல்லது. அதற்கான வழிகள் நம்மிடமே உள்ளன. நூலகத்தின் ஒரு மூலையில் சதுரங்கப் பலகையும் பல்லாங்குழியும் வைக்கலாம். கோலப்புள்ளி இட்ட தாள்களையும் வண்ணக்கோல்களையும் பரப்பி வைக்கலாம். பாடத்திற்குத் தொடர்பில்லாத சிறுகதைத் தொகுப்பு, பயணநூல், கேலிச்சித்திர நூல் ஆகியவற்றைத் தனி அடுக்கில் கண்ணில் படுமாறு வைக்கலாம். எதுவுமில்லையெனில், வளாகத்து வேப்பமரத்தடியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம்.

கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதும் இளைப்பாறல்தானே என்னும் வினா எழக்கூடும். பத்து நிமிடம் என்று எடுத்த கைப்பேசி, ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடுவதை மாணவர் அறிவர். மேலும், யார் எவ்வளவு படித்துவிட்டார்கள் என்னும் செய்திகள் நண்பர் குழுக்களில் வந்துகொண்டேயிருக்கும். இளைப்பாறச் சென்றவர் புதிய கவலையோடு திரும்புவார்.

எனினும், இளைப்பாறலுக்கும் ஓர் எல்லை உண்டு. கார்ட்டிசால் அளவு சிறிது நேரம் குறைவதால் நாளைய தேர்வு எளிதாகிவிடாது. படிக்காத அலகு படிக்காததாகவே இருக்கும். ஆதலின், அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

தெரியாமையால் பிறக்கும் அச்சம்

இருட்டறையில் நுழைவோர் அங்குள்ள பொருள்களைக் கண்டு அஞ்சுவதில்லை. அங்கு என்ன இருக்கிறது என்று தெரியாமையால் அஞ்சுகின்றனர். தேர்வச்சமும் அத்தகையதே. எத்தகைய வினாக்கள் வரும், தமக்கு எவ்வளவு தெரியும் என்னும் இரண்டிலும் தெளிவில்லாத மாணவர் மிகுதியாக அஞ்சுவர். இவ்விரு இருளையும் போக்கும் விளக்கு நூலகத்தில் உள்ளது.

கல்லூரி நூலகங்கள் முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைப் பாடவாரியாகத் தொகுத்துக் கட்டுமானம் செய்து வைத்திருக்கும். இக்காலத்தில் அவற்றைக் கணினியிலும் காணலாம். ஒரு பாடத்தின் ஐந்தாண்டு வினாத்தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், வினாக்களின் அமைப்பும் அலகுகளுக்குரிய மதிப்பெண் பங்கீடும் ஒருவாறு புலப்படும். இவை தெரிந்தவுடன் அச்சத்தில் ஒரு பகுதி நீங்கிவிடும்.

தமக்கு எவ்வளவு தெரியும் என்பதை அறிவதுதான் கடினம். இங்குப் பெரும்பாலோர் ஏமாந்து போகின்றனர். ஒரு பாடத்தைத் திரும்பத்திரும்பப் படிக்கும்போது அதன் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அப்பழக்கத்தையே தேர்ச்சி என்று மனம் எண்ணிக்கொள்கிறது. இந்த ஏமாற்றத்தை வெளிப்படுத்திய ஆய்வு ஒன்றை அமெரிக்க உளவியலாளர்களான ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகியோர் 2006 ஆம் ஆண்டு வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைப்பகுதி படிக்கக் கொடுக்கப்பட்டது. ஒரு முறையில் அதனை மீண்டும் ஒருமுறை படித்தனர். மற்றொரு முறையில், படித்தபின் அதனை மூடிவைத்துவிட்டு நினைவிலுள்ளவற்றை எழுதினர். ஐந்து நிமிடத்திற்குப் பின் சோதித்தபோது, மீண்டும் படித்தவர்கள் 81 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தனர். ஒரு வாரத்திற்குப் பின் சோதித்தபோது நிலை தலைகீழாயிற்று. மீண்டும் படித்தவர்கள் 42 விழுக்காட்டையும், எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர்.

மீண்டும் படித்தல் அப்போதைக்கு மனநிறைவு தருகிறது. எழுதிப் பார்த்தல் தேர்வு நாளில் துணைநிற்கிறது. எழுதிப் பார்க்கும்போது தெரியாத இடங்கள் பளிச்செனத் தெரியும். அது முதலில் வருத்தம் தரலாம். ஆனால், நூலகத்து மேசையில் அவ்வருத்தம் நேர்ந்தால் எழுந்து சென்று நூலை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். தேர்வறையில் நேர்ந்தால் அவ்வாய்ப்பு இல்லை.

எனவே, தேர்வுக்கு முந்தைய வாரங்களில் நூலகம் 'மாதிரித் தேர்வு மேசை' ஒன்றை அமைக்கலாம். பழைய வினாத்தாள், வெற்றுத்தாள், சுவர்க்கடிகாரம் ஆகிய மூன்றும் போதும். மதிப்பெண் இடுவார் எவருமிலர்; ஒப்பிடுவாரும் இலர். மாணவர் தாமே எழுதித் தாமே திருத்திக்கொள்வர். மூன்று மணி நேரம் அமர்ந்து எழுதிப் பழகிய கைக்குத் தேர்வறை புதிய இடமாகத் தோன்றாது.

விழித்திருக்கும் நூலகமும் உறங்க வேண்டிய மாணவரும்

நூலகம் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும் என்பது முன்னர்க் கூறப்பட்டது. அவ்வாறாயின், விடிய விடிய விழித்திருந்து படித்தல் நன்றா என்னும் வினா எழும். 1924 ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஜென்கின்ஸ், கார்ல் டாலன்பாக் ஆகிய உளவியலாளர்கள், பொருளற்ற அசைகளை மாணவர் இருவருக்குக் கற்பித்து ஆராய்ந்தனர். கற்றபின் விழித்திருந்தபோது அவர்கள் மறந்தவற்றைவிட, கற்றபின் உறங்கியபோது மறந்தவை மிகக் குறைவாக இருந்தன. இருவரை மட்டும் கொண்டு செய்யப்பட்ட சிறிய ஆய்வே எனினும், உறக்கம் நினைவை நிலைப்படுத்துகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் பலவும் உறுதிசெய்தன. பகலில் கற்றவற்றை மூளை உறக்கத்தின்போது ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்துகிறது. உறக்கத்தைக் கெடுத்துப் படித்தல், விதைத்த நிலத்தை முளைவிடும்முன் உழுதுவிடுவதற்கு ஒப்பாகும்.

ஆதலால், நூலகத்தின் நேரத்தை நீட்டிப்பது மாணவரை விழிக்கச் செய்வதற்கன்று. அவரவர்க்கு ஏற்ற நேரத்தில் இடம் கிடைக்கச் செய்வதற்கே. மாலையில் பகுதிநேர வேலைக்குச் செல்லும் மாணவர் இரவு எட்டு மணிக்கு வருவார். பேருந்தில் நெடுந்தொலைவு செல்ல வேண்டியவர் காலை ஏழு மணிக்கு வந்து படித்துவிட்டு மாலையில் வீடு திரும்புவார். இருவருக்கும் இருக்கை கிடைக்க வேண்டும். மூடும் நேரம் நெருங்கும்போது, எஞ்சியதை நாளைக்கு வைத்துக்கொண்டு உறங்கச் செல்லுமாறு கூறுவதும் நூலகப் பணியில் ஒரு பகுதியே.

நூலகர் என்னும் துணை

மேற்கூறிய அனைத்தையும் இயக்குபவர் நூலகர். தேர்வு வாரத்தில் மாணவரை நாள்தோறும் பார்ப்பவர் அவரே. பேராசிரியர்கள் வினாத்தாள், விடைத்தாள் பணிகளில் மூழ்கியிருப்பர்; பெற்றோர் தொலைவில் இருப்பர். அவ்வேளையில் நூலகரின் கண்கள் சிலவற்றைக் காண இயலும். மூன்று நாள்களாக ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கோ பார்த்திருக்கும் மாணவர், உணவு வேளையிலும் எழாமல் மேசையில் தலைசாய்த்துக் கிடப்பவர், எப்போதும் நண்பரோடு வந்து இப்போது தனியே ஒதுங்கி அமர்பவர் ஆகியோரை அவர் அடையாளம் காணலாம். அருகே சென்று, என்ன நூல் வேண்டும் என்று கேட்பதே பேச்சின் தொடக்கமாக அமையும். நூலைப் பற்றித் தொடங்கிய பேச்சு, நெஞ்சிலுள்ளதை வெளிக்கொணர்வதும் உண்டு.

நூலகர் மருத்துவர் அல்லர். தேர்வுப் பரபரப்பு எது, அதனைக் கடந்த மனநோவு எது என்று முடிவுசெய்வது அவர் பணியும் அன்று. தோற்றால் வாழ்வில் பொருளில்லை என்னும் வகையில் ஒரு மாணவர் பேசுவாராயின், அதனை விளையாட்டாகக் கொள்ளாமல் கல்லூரி மனநல ஆலோசகரிடம் உடன் அழைத்துச் செல்வதே முறை. உடன் படிக்கும் நண்பர்களுக்கும் இக்கடமை உண்டு. இந்திய அரசு 2022 ஆம் ஆண்டு தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி மையத்தை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணைப் படிப்பறைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தல் நூலகத்திற்கு எளிது. கேட்கத் தயங்கும் மாணவர் எவரிடமும் கேளாமலே குறித்துக்கொள்ளலாம்.

மேலும், நூலகத்தில் சொல்லாமலே கிடைக்கும் துணை ஒன்று உண்டு. எதிர் மேசையிலும் பக்கத்து மேசையிலும் தம்மைப் போன்றே தலைகுனிந்து படித்துக்கொண்டிருப்போரைக் காணும்போது, தாம் மட்டும் தனித்துத் துன்புறவில்லை என்பது மாணவருக்குப் புரிகிறது. விடுதி அறையின் தனிமையில் மலையாகத் தோன்றிய சுமை, பலர் நடுவே அனைவரும் ஏறும் குன்றாகத் தோன்றுகிறது. தம் குறிப்பேட்டையே கொண்டுவந்து நூலகத்தில் அமர்ந்து படிப்போர் தேடி வந்தது இதனையும்தான்.

இன்றே பழகுவோம்

கல்லூரிக்குச் சென்றபின்புதான் நூலகத்தின் துணையை நாட வேண்டும் என்பதில்லை. பள்ளி நூலகத்தில் இன்றே அமரலாம். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் எனத் தமிழகம் எங்கும் பொது நூலகங்கள் பரவியுள்ளன. வாரத்தில் இரு நாள் அங்குச் சென்று ஒரு மணி நேரம் அமர்ந்து பழகும் மாணவருக்கு, நூலடுக்கின் வரிசையும் நூலகரின் முகமும் அறிமுகமாகிவிடும். தேர்வு நெருங்கும் நாளில் அறிமுகமில்லா இடத்தில் நுழைவதற்கும், பழகிய மேசையில் சென்று அமர்வதற்கும் வேறுபாடு உண்டு.

தேர்வு ஒருவரின் ஒரு பருவத்துப் படிப்பை அளக்கும் கோல். அவர் வாழ்க்கையை அளக்கும் கோல் அன்று. அளக்கப்படும் நாளில் மனம் நடுங்காமல் நிற்பதற்கு வெளிச்சமான இடமும், போதிய நேரமும், தெளிவான முயற்சியும், நலம் கேட்கும் மனிதர் ஒருவரும் தேவை. இந்நான்கும் ஒருங்கே கிடைக்கும் இடமாக ஒவ்வொரு கல்லூரி நூலகமும் அமைய வேண்டும். அத்தகைய நூலகத்தை நாடிச் செல்வதும், இல்லாத இடத்தில் அது வேண்டும் என்று உரிமையோடு கேட்பதும் நாளைய கல்லூரி மாணவரின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி நூலகமோ ஊர் நூலகமோ திறந்திருக்கும் நேரத்தை அறிந்து, அந்நேரம் யார் யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதைக் குழுவாகக் கலந்துரையாடுக.

2. பாடப்பகுதி ஒன்றை ஒருமுறை படித்தபின், நூலை மூடிவைத்து நினைவிலுள்ளவற்றை எழுதுக. விடுபட்டவற்றைப் பட்டியலிட்டு, ஒரு வாரத்திற்குப் பின் மீண்டும் எழுதி ஒப்பிடுக.

3. தேர்வுக்காலத்தில் படிப்பறையின் நேரத்தை நீட்டிக்குமாறு வேண்டி, மாவட்ட நூலக அலுவலருக்குக் கடிதம் ஒன்று எழுதுக.